தோளில் சுமந்தவர்கள் சொன்ன வரலாறு: எஸ்.எல்.ஆர். துப்பாக்கி



சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவன் ஒருவன் வரலாற்றுப் பாட ஒப்படைப்புக்காக ஒரு படம் வரைந்து வந்தான். மலேசியா உருவான 1963ஆம் ஆண்டில் தொடங்கி 1966 வரை நீடித்த 'கொன்ஃப்ரோந்தாசி' எனும் இந்தோனேசிய எதிர்ப்புக் காலத்தில் எல்லை காத்த நம் படைவீரனின் படம் அது. வீரனின் கையில் எம்16 துப்பாக்கி இருந்தது. நானும் 'மிக நன்று' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அன்று மாலை ஒப்படைப்புகளை வீட்டிற்குக் கொண்டு சென்றபோது, எண்பது வயதைக் கடந்த என் தாய்மாமன் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையன் நல்லா வரைஞ்சிருக்கான். ஆனா இந்தத் துப்பாக்கி அப்ப எங்க கையில இல்லையே தம்பி. நாங்க தூக்கினது எஸ்.எல்.ஆர்." என்றார்.

பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வரலாறு கற்பிக்கும் எனக்கு அந்தப் பெயர் ஏறத்தாழப் புதியதாகவே இருந்தது. 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தைப் பற்றிப் பேசுவோர் '303' என்று சொல்லும் பழைய லீ-என்ஃபீல்டு துப்பாக்கியை நினைவுகூர்வர். அதற்குப் பிந்தைய காலத்திற்குத் திரைப்படங்கள் அனைத்தும் எம்16ஐயே காட்டுகின்றன. இவ்விரண்டிற்கும் இடையில் வந்த துப்பாக்கி நம் பேச்சிலிருந்து நழுவிவிட்டது. அதனைச் சுமந்த தமிழர்களும் அதனுடன் சேர்ந்து நழுவிவிட்டனரோ என்ற ஐயமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

சாலையும் சிப்பாய்களும்

மாமா நாள்தோறும் மாலையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குச் செல்வார். முன்னாளில் பிட் வீதி என்று வழங்கிய சாலை அது. அங்கே ஓர் ஒட்டுக்கடையில் அவருடைய நண்பர்கள் இருவர் காத்திருப்பர். ஒருவர் தமிழ் முஸ்லிம் பெரியவர். அனைவரும் அவரை நானா என்றே அழைப்பர். மற்றவர் கெடா மாநிலத் தோட்டமொன்றில் பிறந்தவர். மூவரும் வெவ்வேறு காலத்தில் படையில் பணியாற்றியவர்கள். தங்கள் பெயரையும் படைப்பிரிவின் பெயரையும் எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் அவற்றைத் தவிர்க்கிறேன்.

அவர்கள் அமரும் இடமே ஒரு வரலாற்றுப் பாடம். புனித ஜார்ஜ் தேவாலயம், குவான் இன் கோயில், பள்ளிவாசல் ஆகிய மூன்றும் அச்சாலையை ஒட்டி நிற்கின்றன. பக்கத்துக் குயின் வீதியில் மகாமாரியம்மன் ஆலயம். 1801இல் காதர் முகைதீன் காலத்தில் எழுந்த இப்பள்ளிவாசலின் தொடக்க வரலாறு, கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய முஸ்லிம் சிப்பாய்களோடு பிணைந்தது. பினாங்கில் நம்மவர் கால் பதித்த கதை வணிகரோடும் தொழிலாளரோடும் மட்டுமன்றித் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களோடும் தொடங்குகிறது என்பதை நாம் மாணவர்களுக்குச் சொல்வது அரிது.

அந்தச் சிப்பாய்களின் குழல் துப்பாக்கி நிமிடத்திற்கு ஏறத்தாழ மூன்று முறை சுடக்கூடியது. ஒவ்வொரு முறையும் மருந்தும் குண்டும் குழலின் வாய் வழியே இடிக்கப்பட வேண்டும். நன்கு பயின்ற வீரன் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியால் நிமிடத்திற்குப் பதினைந்து முறை குறிபார்த்துச் சுடுவான். எனினும் ஒவ்வொரு வேட்டுக்கும் போல்ட்டைக் கையால் பின்னிழுத்து முன்தள்ள வேண்டும். எஸ்.எல்.ஆர். அந்தக் கைவேலையை நீக்கியது.

துப்பாக்கி வந்த வழி

எஸ்.எல்.ஆர். என்பது 'தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலையில் தியூதொனே செவ் என்பவர் தலைமையில் வடிவமைக்கப்பட்ட எஃப்.ஏ.எல். என்ற துப்பாக்கியே இதன் மூலம். 1954இல் நேட்டோ நாடுகள் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைப் பொதுவாக ஏற்றுக்கொண்டன. அதன்பின் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் இத்துப்பாக்கி புழங்கியது. பிரிட்டன் தன் அளவுமுறைக்கேற்ப மாற்றியமைத்த வடிவம் எல்1ஏ1 எனப்பட்டது. ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆயுதத் தொழிற்சாலை 1959 முதல் அதனைத் தயாரித்தது; மலேசியாவும் சிங்கப்பூரும் நியூசிலாந்தும் அங்கிருந்து பெற்றன.

இதன் இயக்கம் நான்காம் ஆண்டு மாணவனுக்கும் விளங்கக்கூடியது. தோட்டா வெடிக்கும்போது எழும் வாயுவின் ஒரு பகுதி, குழலின் மேலுள்ள சிறு துளை வழியே சென்று ஓர் உந்துதண்டைப் பின்னுக்குத் தள்ளும். அத்தண்டு போல்ட்டைத் திறந்து வெற்றுக்கூட்டை வெளியேற்றும்; சுருள்வில் போல்ட்டை முன்தள்ள, அடுத்த தோட்டா குழலில் ஏறும். விசையை விட்டு மீண்டும் அழுத்தினால்தான் அடுத்த வேட்டு. எனவே இதனை அரைத் தானியங்கி என்பர். மூல பெல்ஜிய வடிவத்தில் தொடர்ந்து சுடும் வசதி உண்டு. பிரிட்டனும் அதன் வழி வந்த நாடுகளும் அதனை நீக்கிவிட்டன. வலிமை மிக்க தோட்டாவைத் தொடர்ந்து சுட்டால் குழல் மேலெழும்பிக் குறி தவறும், தோட்டாவும் வீணாகும்.

இந்தியாவின் கதையும் இங்கு பொருந்தும். 1962 சீனப் போரில் இந்திய வீரர்கள் பெரும்பாலும் போல்ட் இழுக்கும் பழைய 303 துப்பாக்கியுடன் பனிமலையில் நின்றனர். எதிரே அரைத் தானியங்கிகள் இருந்தன. அதன்பின் வங்காளத்தின் ஈசாப்பூர் தொழிற்சாலையில் 1ஏ1 என்ற பெயரில் இந்திய எஸ்.எல்.ஆர். பெருமளவில் உருவாயிற்று. 1966இல் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்ட படைக்கலத் தொழிற்சாலையும் இத்துப்பாக்கியோடு தொடர்புடையது. 1971 போரில் இந்திய வீரர்களின் கையில் இருந்தது இதுவே. 1990களில் இன்சாஸ் வந்த பின்னும், தமிழ்நாட்டுக் காவலர் தோளில் இது பல்லாண்டுகள் தொங்கியது.

1982இல் ஃபாக்லாந்து தீவுப் போரில் பிரிட்டனும் அர்ஜெண்டினாவும் ஒரே குடும்பத்துத் துப்பாக்கியைக் கொண்டு ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. துப்பாக்கிக்கு நாடு கிடையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூவர் கருத்து

நம் நாட்டில் துப்பாக்கிக்கு 'உரிமையாளர்' என்று எவரையும் எளிதில் சொல்ல இயலாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டு கடும் தண்டனைச் சட்டமும் தனியார் கையில் துப்பாக்கி இருப்பதை மிகவும் கட்டுப்படுத்துகின்றன. படைவீரன் காலையில் கையொப்பமிட்டு வாங்கி மாலையில் கிடங்கில் ஒப்படைப்பான். ஆயினும் அந்த மூவரும் தங்கள் துப்பாக்கியின் எண்ணை இன்னும் தடுமாறாமல் சொல்கின்றனர். மாமாவுக்குத் தம் கைப்பேசி எண் நினைவில் இருப்பதில்லை. அந்த எண் இருக்கிறது.

நானா ஆயுதக் கிடங்கில் பணியாற்றியவர். அவருடைய பார்வை பழுது பார்ப்பவரின் பார்வை. "சேறு, மழை, அட்டை எல்லாம் சேர்ந்து வரும் சாமான் அது. ஆனா வாயு அளவைத் திருகி வைக்க ஒரு வளையம் இருக்கு. அழுக்கு ஏறிப்போய் மக்கர் பண்ணினா, வளையத்தை ஒரு சுற்று திருகினாப் போதும், ஓடும்" என்றார். வாயு மிகுதியாகச் செல்லும்போது உந்துதண்டுக்கு வலிமை கூடும் என்பதே அதன் பொருள். அவரைப் பொறுத்தவரை அதைவிட நேர்மையான துப்பாக்கி வேறில்லை.

கெடாக்காரருக்கு அது பிடிக்கவில்லை. அவர் குட்டையானவர். எஸ்.எல்.ஆர். ஏறத்தாழ 114 சென்டிமீட்டர் நீளம். தோட்டாவின்றியே நான்கு கிலோவுக்கும் அதிக எடை. தோட்டாக்கூட்டில் இருபது தோட்டாக்கள். "ஐரோப்பாக்காரன் உடம்புக்குத் தச்ச சட்டையை எனக்குப் போட்டுவிட்ட மாதிரி" என்று சிரித்தார். அவர் சொன்னது வெறும் குறை அன்று. அடிக்கட்டைகளைப் பல நீளங்களில் செய்ய வேண்டியிருந்தது. சிறிய உடலமைப்புக் கொண்டோருக்கென ஆஸ்திரேலியா எஃப்1 என்ற குறுகிய வடிவத்தையே தயாரித்தது. பின்னாளில் எம்16 கைக்கு வந்தபோது, ஒரு கிலோவுக்கும் மேல் சுமை குறைந்ததென்று அவர் மகிழ்ந்தாராம். "அதை வச்சிக்கிட்டு ஒரு மரத்துக்குப் பின்னால நிக்கிறவனைத் தொட முடியுமா?" என்று நானா இடைமறித்தார். 7.62 தோட்டாவின் ஊடுருவும் ஆற்றலை அவர் குறித்தார். அறுபது ஆண்டுப் பழைய வழக்கு; தே தாரேக் ஆறும் வரை நடந்தது.

மாமா மட்டும் பேசவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் சொன்னார்.

1964 ஆகஸ்டு 17இல் பொந்தியானிலும் செப்டம்பர் 2இல் லாபிஸ் வட்டாரத்திலும் இந்தோனேசியப் படையினர் இறங்கிய பிறகு, ஜொகூர் முழுவதும் காவல் இறுகியது. மாமா ஒரு ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில் விடியற்காலைக் காவலில் இருந்தார். வயது இருபத்தொன்று. இருளில் சருகு மிதிபடும் ஓசை கேட்டது. குரல் கொடுத்தார், பதில் இல்லை. துப்பாக்கி தோளில், விரல் விசையில். "அது ஒரு அழுத்துக்கு ஒன்னுதான் சுடும் தம்பி. ஒவ்வொன்னையும் நாமதான் முடிவு பண்ணணும். நான் இன்னொரு மூச்சு இருந்து பார்த்தேன்." அப்போது உலோகம் மோதும் ஓசை கேட்டது. பெரட்டுக்கு முன்பே புறப்பட்டுவிட்ட ஒரு பெண், வாளியும் காண்டாக் கம்புமாக வந்துகொண்டிருந்தார். பயத்தில் அவருக்குக் குரல் எழவில்லை.

"அந்தம்மா நம்ம அம்மா மாதிரியே முக்காடு போட்டிருந்தாங்க" என்று மட்டும் சொல்லி மாமா நடந்தார். என் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்.

இது ஒருவரின் நினைவு, ஆவணம் அன்று. மூச்சு நின்று பார்த்தது துப்பாக்கியின் அமைப்பால் என்று நான் கூறமாட்டேன்; அது மாமாவின் பண்பு. எனினும் வேறொரு துப்பாக்கியை வரைந்த படத்திற்கு 'மிக நன்று' எழுதியவன் என்ற முறையில், அந்தப் பிழையின் பின்னால் எவ்வளவு மறைந்து கிடந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

கேளாத செவி

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறுவயதில் நான் மாமாவை அழைத்தால் சில வேளைகளில் திரும்பிப் பார்க்கமாட்டார். படையில் இருந்தவர், கர்வம் மிக்கவர் என்று நான் எண்ணினேன். நெடுநாள் அவரோடு நெருங்காமலே இருந்தேன். இத்தகைய துப்பாக்கியின் வேட்டொலி 140 டெசிபெல்லைக் கடந்தது. அந்த அளவிலேயே செவி கெடும். வலத்தோளில் வைத்துச் சுடுபவனின் இடச்செவி குழல் வாய்க்கு அருகில் இருப்பதால் அதுவே முதலில் பாதிக்கப்படும். பயிற்சியில் பஞ்சு அடைத்துக்கொள்வார்களாம். காட்டுக் காவலில் அடைக்க முடியாது; காவலாளிக்குச் செவிதானே கண். மாமாவின் இடச்செவி இருபத்தைந்து வயதிலேயே மங்கிவிட்டது. நான் அழைத்ததெல்லாம் இடப்பக்கமிருந்து.

தமிழ்ப்பள்ளியில் துப்பாக்கியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று ஒரு பெற்றோர் என்னிடம் வினவினார். நியாயமான வினா. கணினி விளையாட்டுகளில் பிள்ளைகள் துப்பாக்கிகளின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்கின்றனர். அங்கே எடை இல்லை, செவி கெடுவதில்லை, இருளில் வாளியுடன் வரும் தாயும் இல்லை. சுமந்தவர் வாயிலாகக் கேட்ட பிள்ளைக்கு அவ்வேறுபாடு விளங்கும். அதற்காகவே பேச வேண்டும் என்று விடையளித்தேன்.

பெற்றோர்களே, உங்கள் குடும்பத்திலும் ஒரு முன்னாள் படைவீரர், சிறப்புக் காவலர், ஊர்க்காவல் படையினர் இருந்திருக்கலாம். 1964இல் இருபது வயதாயிருந்தவர் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார். பிள்ளைகளை அவரிடம் அனுப்புங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், கையில் என்ன, தின்ற உணவு என்ன என்று எழுதி வரச் சொல்லுங்கள்.

அம்மாணவனை ஒரு மாலை அந்த ஒட்டுக்கடைக்கு அழைத்துச் சென்றேன். முதலில் அவன் மாமாவின் இடப்பக்கம் அமர்ந்து இருமுறை வினவினான், விடை வரவில்லை. நாற்காலியை வலப்பக்கம் நகர்த்தி வைத்தேன். அதன்பின் தே தாரேக் மூன்று முறை வந்தது.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்