பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தை

பெரும்பாக்கத்திலிருந்து மேடவாக்கம், கீழ்க்கட்டளை வழியாகச் செல்வோர் சிறிது நேரத்திற்குள் அடைந்துவிடும் பல்லாவரத்தில், பழைய டிரங்க் ரோட்டின் ஓரமாக வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தை, தென்சென்னைப் புறநகர் ஜனங்களுக்கெல்லாம் நெடுநாளாகப் பரிச்சயமானது. ஆதியில் இது ஆடுமாடுகள் விலைபோன சந்தையென்றும், நூறாண்டுக்கு மேற்பட்டதென்றும் ஊரார் கூறுவர். இன்று அங்கே செடிகொடிகளும், கூண்டுப் பறவைகளும், காய்கறிகளும் ஒருபுறமிருக்க, மற்றொருபுறம் தரையில் விரித்த தார்ப்பாயின்மேல் பித்தளைக் குத்துவிளக்கும், வெண்கல உருளியும், ஓடாத சுவர்க்கடிகாரமும், கிராமபோன் இசைத்தட்டும், செல்லாத நாணயமும், பழைய கம்ப்யூட்டரின் உள்ளுறுப்புகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன. புதுக்குடித்தனம் தொடங்குவோர் கட்டிலும் பீரோவும் தேடி வருகின்றனர். புராதனப் பொருள் சேகரிப்போர் விடியற்காலையிலேயே வந்து, வியாபாரி மூட்டையை அவிழ்க்கும் தருணத்திற்காகக் காத்து நிற்கின்றனர்.

இத்தகைய சந்தைக்குப் பல்லாவரத்தைக் காட்டிலும் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் இவ்வூர்க் குன்றிலே குடைவித்த குகைக்கோயில், பிற்காலத்தில் தர்காவாகி இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அதனினும் பன்மடங்கு தொன்மையான செய்தி ஒன்றும் உண்டு. நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி, பல்லாவரத்து இராணுவ அணிவகுப்பு மைதானத்தின் சரளைக் குழியொன்றில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். பாரத தேசத்தில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அறிஞருலகம் ஏற்ற முதற்சான்று அதுவே. அவர் ஆயுள் முழுவதும் சேர்த்த பொருள்களைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் வாங்கிக்கொண்டது. பிறர் மிதித்துச் சென்ற கல்லிலே மனிதக் கையின் வேலைப்பாட்டைக் கண்ட அந்தக் கூரிய பார்வையே பழம்பொருள் தேடுவோர்க்கு வேண்டிய முதல் யோக்கியதை.

பழம்பொருள் வியாபாரத்தில் பல்லாவரத்திற்கு முன்னோடியாகச் சென்னையிலே கீர்த்தியுடன் விளங்கியது மூர் மார்க்கெட். பிராட்வேயிலிருந்த பாப்ஹாம் சந்தைக்கு மாற்றாக, மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898-இல் அஸ்திவாரமிட்ட அந்தச் சிவப்புக் கட்டடத்தை, 1900-இல் கவர்னர் சர் ஆர்தர் ஹாவ்லாக் திறந்து வைத்தார். காலக்கிரமத்தில் பழைய புத்தகங்களும், இசைத்தட்டுகளும், அபூர்வப் பொருள்களும் அங்கே குவிந்தன. புதுப்புத்தகம் வாங்க வசதியற்ற மாணாக்கர் பல தலைமுறையினர் அங்கேதான் கல்விக்குரிய சாதனங்களைப் பெற்றனர். 1985-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி அது தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. வியாபாரிகள் அல்லிக்குளம் வளாகத்திற்குக் குடிபெயர்ந்தனர். மார்க்கெட்டின் நினைவாக எஞ்சியிருப்பது ஒரு சிறு மாதிரி வடிவமே.

ஏல வியாபாரத்தையும் இங்கே மறத்தலாகாது. மாற்றலாகிச் செல்லும் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் தங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலத்தில் விட்டுப் போவது பழைய சென்னையின் வழக்கம். அத்தொழிலில் பெயர்பெற்ற மர்ரே கம்பெனியின் அதிபர் எஸ். ராஜம், பழந்தமிழ் நூல்களைப் புலவர் குழுவைக் கொண்டு சந்தி பிரித்துப் பதிப்பித்து, எளியோரும் வாங்கத்தக்க குறைந்த விலையில் 1950-களில் வெளியிட்டார். பழம்பொருளின் அருமை உணர்ந்த ஒருவர் பழநூலின் அருமையும் உணர்ந்தது தமிழுக்கு வாய்த்த பாக்கியம்.

பிரான்ஸ் தேசத்தில் இதே வகைச் சந்தைகள் உலகப்பிரசித்தி பெற்றவை. பாரிஸ் நகரத்தின் குப்பையைக் கிளறிக் கந்தலும் இரும்பும் பொறுக்கி ஜீவனம் செய்தவர்கள், 1883-இல் நகராதிகாரி பூபெல் குப்பைத்தொட்டிகளைக் கட்டாயமாக்கியபின் பிழைப்பு மேலும் நெருக்கடியாகி, கோட்டை மதிலுக்கு வெளியே சேன்த்-உவான் என்னும் புறநகரில் கடை விரித்தார்கள். அவ்வூரார் 1885-ஐச் சந்தையின் தொடக்க ஆண்டாகக் கொண்டாடுகின்றனர். 1920-இல் அங்கே வெர்னேசோன் என்னும் நிலையான கடைத்தொகுதி அமைந்தது. 2001-இல் அப்பகுதி முழுவதும் அதன் சூழலுக்காகவே மரபுரிமைப் பாதுகாப்புப் பெற்றது. கந்தல் பொறுக்கியவர்களின் சந்தை அந்நாட்டின் பெருமைகளுள் ஒன்றாகியது.

நகரத்தின் விளிம்பில், நிலவாடகை குறைந்த இடத்தில், ஏழைகளின் கையால் இத்தகைய சந்தை பிறப்பதும், விளிம்பு மையமாக மாறும்பொழுது அதற்கு நெருக்கடி நேர்வதும் எல்லாத் தேசங்களிலும் காணும் முறை. பல்லாவரம் இன்று விளிம்பன்று; விமான நிலையமும் மேம்பாலமும் சூழ்ந்த நகரப்பகுதி. நகரத்தின் உட்பகுதிகளிலிருந்து பெரும்பாக்கத்து அடுக்குக் குடியிருப்புகளுக்குப் பெயர்த்து அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கோ, குறைந்த விலையில் நாற்காலியும் மின்விசிறியும் கிடைக்கும் சந்தை அலங்காரமன்று, அத்தியாவசியம்.

சட்டத்தின் வரம்பும் இங்கே நினைக்கத்தக்கது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத சிற்பம், செப்புத்திருமேனி, நாணயம் முதலியன தொல்பொருளாகும். கையெழுத்துச் சுவடிகளுக்கு எழுபத்தைந்தாண்டே போதும். அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாடு அனுப்புதல் கூடாது. கோயில்களைக் கொள்ளையிட்டவர்களின் பாதகத்தைக் கண்ட தமிழகத்தில் இக்கட்டுப்பாடு மிகவும் நியாயமானதே. பாட்டியின் வெற்றிலைப்பெட்டியையும் தாத்தாவின் காபி வடிகட்டியையும் விற்கும் தெருவியாபாரி அந்தப் பாதகர்களின் இனத்தைச் சேர்ந்தவரல்லர். அவரால்தான் எத்தனையோ பாத்திரங்கள் உலையில் உருகாமல் தப்புகின்றன.

மூர் மார்க்கெட்டை இழந்தபின் வருந்திய நாம், பல்லாவரத்திற்கு அந்தக் கதி நேராமல் முன்கூட்டியே காக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். நிரந்தரமான இடமும், நிழலும், குடிநீரும், கழிப்பிடமும் அளிப்பது நகர நிர்வாகத்திற்கு இயலாத காரியமன்று. வாங்கச் செல்வோரும், விலை கேட்பதற்குமுன் அப்பொருள் எந்த ஊரில், எந்தக் குடும்பத்தில், என்ன உபயோகத்திற்கிருந்தது என்று வியாபாரியைக் கேட்டறிந்து எழுதி வைப்பார்களாயின், இந்நாட்டுச் சாமானிய ஜனங்களின் சரித்திரத்திற்கு வேறெங்கும் கிடைக்காத ஆதாரங்கள் சேரும்.