மொட்டை மாடிக் கணக்கு

தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது 1931-ல். கடற்கரையில் கிளம்பி, எழும்பூர், மாம்பலம், பல்லாவரம் என்று ஓடி வந்து நின்ற மீட்டர் கேஜ் ரயில். அதற்கு முதல் போட்டது சவுத் இந்தியன் ரயில்வே என்கிற கம்பெனி. குரோம்பேட்டையில் ஏறிய எந்தப் பயணியையும் பார்த்து, 'உங்கள் பங்குக்கு ஒரு கம்பம், ஒரு மோட்டார் வாங்கிக் கொடுங்கள்' என்று யாரும் கேட்கவில்லை. டிக்கெட் எடுத்தார், ஏறினார், இறங்கினார். அவ்வளவுதான்!

மின்சாரம் என்கிற சரக்கின் சூட்சுமமே இதுதான். முதலீடு யாரோ போடுவார். நாம் உபயோகித்த அளவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். வீட்டு கரன்டும் அப்படித்தான். மேட்டூரில் அனல் மின் நிலையம் கட்ட நாம் யாரும் வங்கிக்குப் போய் லோன் கேட்டதில்லை.

சோலார் வந்துதான் இந்தக் கணக்கைக் கவிழ்த்தது. '25 வருடத்து கரன்ட் பில்லை முதல் நாளே மொத்தமாக எண்ணி வை' என்றது. சூரியன் பில் அனுப்பாது, வாஸ்தவம். பேனல் விற்பவர் அனுப்புவாரே!

அதனால்தான் சொல்கிறேன்... சோலாரின் சரித்திரம் என்பது விஞ்ஞானத்தின் சரித்திரம் மட்டுமல்ல. அது கடன், வட்டி, மானியம் ஆகியவற்றின் சரித்திரம். விஞ்ஞானம் 1954-லேயே தன் வேலையை முடித்துவிட்டது. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கான் செல்லை உலகத்துக்குக் காட்டியது அந்த வருடம். ஆனால், அது சாமானியனின் கூரைக்கு ஏற 40 வருடம் ஆனது. காரணம், விலை.

முதலில் வழி கண்டுபிடித்தவர்களில் ஜப்பான்காரர்கள் முக்கியமானவர்கள். 1994-ல் ஆரம்பித்தார்கள். வீட்டுக்கூரையில் சோலார் வைத்தால் செலவில் பாதியை அரசாங்கம் கொடுக்கும். ஆனால், விலை குறையக் குறைய மானியமும் குறையும். சொன்னபடியே வருடா வருடம் குறைத்து, 2005-ம் நிதியாண்டோடு கடையைக் கட்டினார்கள். குழந்தை நடக்கும்வரை விரல் கொடுப்பது, நடந்ததும் விட்டுவிடுவது.

ஜெர்மானியர்கள் ரூட் வேறு. 2000-ல் ஒரு சட்டம் போட்டார்கள். உன் கூரையில் விளையும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சுமார் 50 யூரோ சென்ட் விலை, அதுவும் 20 வருடத்துக்கு மாறாது! அதற்கு முந்தைய வருடமே 'ஒரு லட்சம் கூரைகள்' என்று ஒரு திட்டம் தொடங்கி, அரசு வங்கி மூலமாகக் குறைந்த வட்டிக்குக் கடனும் கொடுத்து வந்தார்கள். இருபது வருட வருமானம் உறுதி என்றால் எந்த பேங்க் மேனேஜர்தான் கையெழுத்துப் போடமாட்டார்? அந்தச் சட்டமே ஜாமீன் மாதிரி ஆகிவிட்டது.

நம் ஊர்ப்பக்கம் வருவோம்.

இந்தியாவில் இதற்கென்றே 'இரெடா' என்கிற நிதி நிறுவனம் 1987-ல் வந்தது. ஆனால், சாதாரண வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு காரியம் நடந்தது பக்கத்து மாநிலத்தில். 2003-ல் ஐ.நா-வின் சுற்றுச்சூழல் அமைப்பு கர்நாடகத்தில் ஒரு பரீட்சை செய்து பார்த்தது. கனரா வங்கியும் சிண்டிகேட் வங்கியும் கிராமத்து வீடுகளின் சோலார் விளக்குக்குக் கடன் கொடுக்கும். வட்டியில் ஒரு பகுதியை ஐ.நா. அமைப்பு ஏற்றுக்கொள்ளும். பேனலுக்கு ஒரு பைசா மானியம் கிடையாது, கவனியுங்கள். வட்டிக்கு மட்டும்தான்! நாலே வருடத்தில் ஏறக்குறைய 20 ஆயிரம் வீடுகள் வாங்கிவிட்டன. ஏழைக்குத் தேவை இலவசமல்ல, எட்டக்கூடிய தவணை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

தமிழ்நாட்டில் சோலார் ஜுரம் அடித்தது 2012-ல். அந்த வருடத்து மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு 2 மணி நேரம். வெளி மாவட்டங்களில் 10 மணி நேரத்தைத் தாண்டியும் இருட்டு. இன்வெர்ட்டர் கடைக்காரர்கள் காட்டில் மழை! அந்தச் சூட்டில், 2012 அக்டோபரில் முதல்வர் ஜெயலலிதா சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டார். 2015-க்குள் 3,000 மெகாவாட் இலக்கு. அதில் கூரைகளுக்கு மட்டும் 350.

வீட்டுக்காரர்களுக்கு அதில் ஓர் ஊக்கத்தொகையும் இருந்தது. 2014 மார்ச்சுக்குள் சோலார் வைத்துவிட்டால், விளையும் யூனிட்டுக்கு முதல் இரண்டு வருடம் 2 ரூபாய், அடுத்த இரண்டு வருடம் 1 ரூபாய், அதற்கடுத்த இரண்டு வருடம் 50 பைசா. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. காமர்ஸ் படித்த கை சும்மா இருக்குமா? கால்குலேட்டரை எடுத்தேன். நம்மூர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் கொடுக்கும். வருடத்துக்கு 1,460. ஆறு வருடத்துக்கும் கூட்டிப் பார்த்தால் 10 ஆயிரம் ரூபாய் சொச்சம். அன்றைக்கு ஒரு கிலோவாட் வைக்க ஆகும் செலவு சுமார் ஒரு லட்சம்! ஜெர்மானியர் கொடுத்தது 20 வருட உறுதி. நாம் கொடுத்தது ஆறு வருடக் கைச்செலவு.

பிறகு வந்தது நிஜமான உதவி. மத்திய அரசு 30 சதவிகிதம், அதற்கு மேல் முதலமைச்சர் திட்டத்தில் 20 ஆயிரம் ரூபாய். ஆக, லட்ச ரூபாயில் பாதி சர்க்கார் தலையில். 2013 நவம்பரில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 'நெட் மீட்டரிங்' முறைக்கும் பச்சைக்கொடி காட்டியது. பகலில் மிஞ்சிய கரன்டை லைனில் விட்டு, ராத்திரி அங்கேயிருந்து திருப்பி வாங்கிக்கொள்ளும் பண்டமாற்று.

எல்லாம் சரி. ஆனால், மாநிலத்தின் அந்த 20 ஆயிரம், பேட்டரி இல்லாத சோலாருக்குத்தான்! லைனோடு சேர்ந்த சோலார், லைனில் கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிய லைன்மேன் மேல் கரன்ட் பாய்ந்துவிடக் கூடாதே... நியாயமான ஏற்பாடுதான். ஆனால், ஜனங்கள் சோலாரைத் தேடி ஓடியதே மின்வெட்டுக்குப் பயந்துதானே? 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்து சேலையூர், மேடவாக்கம் பக்கமெல்லாம் கம்பங்கள் சாய்ந்து கிடந்தபோது, அந்த மாதிரி பேனல்களால் ஒரு ஃபேனைக்கூடச் சுற்ற முடியாது. தலைக்கு மேல் சூரியன், வீட்டுக்குள் மெழுகுவத்தி!

ஆக, மானியத்தின் முதல் பாடம்: அது கொடுப்பவரின் தேவைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. வாங்குபவருக்குச் சில சமயம் தோள் இறுக்கும்.

இரண்டாவது பாடம், வரி. கம்பெனிகள் சோலார் வாங்கினால், விலையில் 80 சதவிகிதம் வரை முதல் வருடத்திலேயே தேய்மானமாகக் கழிக்கலாம் என்றொரு சலுகை இருந்தது. 2017 ஏப்ரலில்தான் அது 40 ஆனது. லாபம் பார்க்கும் தொழிற்சாலைக்கு அது பெரிய பணம். ராஜகீழ்ப்பாக்கத்தில் பென்ஷன் வாங்கும் வாத்தியார் எதில் தேய்மானம் கழிப்பார்? அவர் முழங்காலில்தான்!

மூன்றாவது, உறுதி. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சோலார் நிலையம் எழுந்தது. யூனிட் 7 ரூபாய் 1 பைசாவுக்கு மின்வாரியம் வாங்கிக்கொள்ள 25 வருட ஒப்பந்தம். அடுத்த வருடமே மின்வாரியத்தின் டெண்டரில் விலை 3 ரூபாய் 47 பைசாவுக்கு இறங்கியது வேறு கதை. ஒப்பந்தக் காகிதம் கையிலிருந்தால் கடன் தேடி வரும். வீட்டுக்காரர் கதை அப்படியா? 2013-ல் நெட் மீட்டரிங். 2019-ல் 'அது கிடையாது, மிஞ்சிய யூனிட்டை இரண்டு ரூபாய் சொச்சத்துக்கு எடுத்துக்கொள்கிறோம்' என்றார்கள். 2021-ல் வீடுகளுக்கு மறுபடி நெட் மீட்டரிங். எட்டு வருடத்தில் மூன்று விதி! பேனலின் ஆயுளோ 25 வருடம்.

வெயில் எவ்வளவு அடிக்கும் என்பதற்குக்கூட உறுதி கேட்பவர்கள் உண்டு, தெரியுமா? வேளச்சேரி - தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில் இருக்கிறது தேசிய காற்றாலை ஆற்றல் நிறுவனம். பெயரில்தான் காற்று. 2011-லிருந்து நாடு முழுக்க வெயிலை அளக்கும் நிலையங்களை வைத்தவர்கள் இவர்கள்தான். முதல் கட்டத்தில் மட்டும் 51. பெரிய முதலீட்டுக்குக் கடன் தரும் வங்கிகள் அந்தக் கணக்கைக் கேட்கும். சூரியனுக்கே பாஸ்புக்!

வீட்டுக்காரரையும் வங்கி திரும்பிப் பார்த்தது 2015-ல். அந்த ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, வீட்டு சோலாருக்கான 10 லட்சம் வரையிலான கடனை முன்னுரிமைக் கடன் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும், பெரிய திருப்பம் 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டம்தான். ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய், 2026-27 வரை என்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2022-ல் கிலோவாட்டுக்கு 14,588 ரூபாயாக இருந்த மானியம், முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30 ஆயிரமாக ஏறியது. மூன்றாவதற்கு 18 ஆயிரம். ஆக மொத்தம் 78 ஆயிரம் ரூபாய் உச்சவரம்பு. கூடவே, 3 கிலோவாட் வரை ஜாமீன் இல்லாத கடன். வட்டி, ரெப்போ விகிதத்துக்கு மேல் அரை சதவிகிதம். 2025 செப்டம்பரில் சோலார் சாதனங்களின் ஜி.எஸ்.டி-யும் 12-லிருந்து 5 சதவிகிதமானது.

மானியம் போக ஒரு லட்சம் கடன் நிற்கிறது என்று வையுங்கள். ஒரு கணக்குக்கு 7 சதவிகித வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 1,980 ரூபாய். மூன்று கிலோவாட் இரண்டு மாதத்துக்குச் சுமார் 720 யூனிட் தரும். ஏ.சி. ஓடுகிற வீட்டுக்குத் தவணையில் பெரும்பங்கை மிச்சமாகும் கரன்ட் பில்லே கட்டிவிடும். 2016-ல் வந்த 100 யூனிட் இலவசத்திலேயே குடும்பம் நடத்துகிறவருக்கு இதில் மிச்சம் என்று ஒன்றுமே இல்லை. அதாவது, அதிகம் செலவழிப்பவருக்கே அதிக லாபம்!

ஒரு முக்கியமான விஷயம்... மானியம், பேனல் மாட்டி, மீட்டர் வைத்து முடித்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகையையும் புரட்டுவது உங்கள் பாடு. வங்கிக் கடன் அந்த இடைவெளிக்கான பாலம்.

இப்போது தென்சென்னைப் புறநகரின் அசல் பிரச்னைக்கு வருவோம். குரோம்பேட்டை, ராதா நகர், செம்பாக்கம் என்று எங்கே பார்த்தாலும் ஒரு கிரவுண்டில் எட்டு ஃப்ளாட். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். எட்டு வீட்டுக்கும் தலா 3 கிலோவாட் என்றால் 2,400 சதுர அடி. மொத்த மனையே அவ்வளவுதான்! சுற்றிலும் விட்ட இடம், தண்ணீர் டேங்க், படிக்கட்டு அறை எல்லாம் போனால் மாடியில் பாதிகூடத் தேறாது. முதலில் ஓடிப்போய் மாட்டுகிற மூன்று, நாலு பேருக்கு யோகம். மற்றவர்களுக்கு யு.டி.எஸ். பத்திரம் மட்டும் மிச்சம். லிஃப்ட், மோட்டார் மாதிரியான பொது உபயோகத்துக்குச் சங்கங்களுக்கும் கிலோவாட்டுக்கு 18 ஆயிரம் உண்டு. நல்ல வழிதான். ஆனால், அதற்கு எட்டுப் பேரும் ஒரே மீட்டிங்கில் ஒத்துப்போக வேண்டுமே! வாடகைக்குக் குடியிருப்பவர் இந்தக் கணக்கில் எங்குமே கிடையாது. அவரும் வரி கட்டுகிறார். அந்த 75 ஆயிரம் கோடியில் அவர் காசும் இருக்கிறது.

எழுபது வருடத்து சோலார் சரித்திரத்தில் மானியத்துக்கு வழி கண்டுபிடித்தார்கள். வட்டிக்கு வழி கண்டுபிடித்தார்கள். மிஞ்சிய யூனிட்டுக்கும் கண்டுபிடித்தார்கள். அடுத்து யாராவது உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

மாடி இல்லாதவன் தலையிலும் வெயில் அடிக்கத்தானே செய்கிறது?