"பிரிச்சுப் பாத்தியா?": ஒரு கேம் கன்சோலும் நாற்பது வருஷ ரிப்பேர் கதையும்

போன மாசம் என் கேம் கன்சோல் படுத்துடுச்சு. முழுசா இல்ல. ஆன் பண்ணா பத்து நிமிஷம் ஓடும், அப்புறம் மிக்ஸி மாதிரி ஒரு இரைச்சல், 'டப்'னு ஆஃப். எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்ல, இந்தக் கதைக்கு அது தேவையும் இல்ல. சர்வீஸ் சென்டர்ல காட்டினேன். திறந்துகூடப் பார்க்காம, "போர்டு மாத்தணும் சார்"னு ஒரு தொகை சொன்னாங்க. புதுசு வாங்குற விலையில பாதிக்கு மேல. பூந்தமல்லியில இருக்கிற பெரியம்மா பையன், "அதுக்கு மேல ஒரு ரூபா செலவு பண்ணாதடா, எக்ஸ்சேஞ்ச்ல தள்ளிட்டுப் புதுசு எடு"ன்னான். அம்பத்தூர் எஸ்டேட்ல முப்பது வருஷம் டூல் ரூம்ல வேலை பார்த்த எங்க அப்பா, பேப்பரைக் கீழ இறக்காமலே ஒண்ணு கேட்டார்: "பிரிச்சுப் பாத்தியா?"

சிரிச்சுட்டேன். ஆனா ராத்திரி படுத்தப்புறம் அந்தக் கேள்வி போகல. ஒரு பொருள் ஓடலன்னா முதல்ல பிரிச்சுப் பார்க்கிறதுங்கிறது எப்போதிலிருந்து பழைய ஆளுங்க பழக்கமா ஆச்சு? இன்னிக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல எங்க ஊரைப் பத்தி ஒரு வார்த்தை. மேற்குச் சென்னையே பிரிச்சு மாட்டுறவங்க கட்டின ஊர். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூர்லதான் சைக்கிள் செஞ்சது. 1961-ல் ஆவடியில கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, 1965-ல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்க் வெளிய வந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. அதைச் சுத்தி லேத், மில்லிங், டை செய்யுற சின்னச் சின்னப் பட்டறைகள். ஆவடியில பழைய டாங்க்கைத் தூக்கிப் போட மாட்டாங்க. கடைசி போல்ட் வரைக்கும் கழட்டி, தேஞ்சதை மாத்தி, திரும்பக் கோத்து அனுப்புவாங்க. அதுக்குப் பேர் ஓவர்ஹால். டாங்க்கையே அப்படிப் பண்ற ஊர்ல, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பயந்துட்டு நான் உட்கார்ந்திருக்கேன்.

சரி, டப்பா கதைக்கு வருவோம். 1983 ஜூலைல ஜப்பான்ல நின்டெண்டோ 'ஃபேமிகாம்' விட்டாங்க. விலை 14,800 யென். வடிவமைச்சவர் மசாயுகி உவெமுரா. பட்டையைக் கிளப்பின கன்சோல்னு நமக்குத் தெரியும், ஆனா ஆரம்பமே கோளாறுலதான். முதல் தொகுதியில வந்த சில பெட்டிகள் ஆடிட்டிருக்கும்போதே உறைஞ்சு நின்னுடும். சிப்புல பிழை. நின்டெண்டோ அந்தப் பெட்டிகளைத் திரும்ப வாங்கி, போர்டையே மாத்திக் கொடுத்தாங்க. கன்ட்ரோலர்ல முதல்ல சதுர பட்டன் வச்சிருந்தாங்க, ரப்பர் பட்டன், அது அழுத்தினா மாட்டிக்கும். அதையும் வட்டமா மாத்தினாங்க. அதாவது 'ரிப்பேரா, ரீப்ளேஸா'ங்கிற கேள்வியை முதல்ல சந்திச்சது வாங்கினவங்க இல்ல, செஞ்சவங்க.

இந்தியாவுக்கு அந்தப் பெட்டி நேர் வழியில வரல. எண்பதுகள்லயும் தொண்ணூறுகளோட ஆரம்பத்திலயும் இறக்குமதி வரி எக்கச்சக்கம். அதனால நம்ம வீட்டுக்கு வந்தது அதோட நகல்கள். 'லிட்டில் மாஸ்டர்'னு ஒண்ணு, பேரே இல்லாம நூறு. யாரும் கன்சோல்னு சொன்னதில்ல. 'டிவி கேம்', அதுல சொருகுறது 'கேசட்'. மேல '9999999 இன் 1'னு போட்டிருக்கும், உள்ள இருக்கிறது மரியோ, கான்ட்ரா, தொட்டி எல்லாமே அதே ஏழெட்டு கேமோட வேற வேற லெவல்.

கேசட் ஓடலன்னா என்ன பண்ணோம்? ஊதினோம். உலகம் முழுக்க ஊதினாங்க, யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கல. உண்மையில ஊதினதால எதுவும் நடக்கல. வெளிய எடுத்துத் திரும்பச் சொருகினதுலதான் பின்கள் சரியா உட்கார்ந்துச்சு. வாய்க் காத்துல இருக்கிற ஈரம் அந்தச் செம்புப் பட்டைகளைக் கெடுக்கத்தான் செஞ்சது, நின்டெண்டோவே பின்னாடி ஊதாதீங்கன்னு சொன்னாங்க. பென்சில் ரப்பர் வச்சுத் தேய்ச்ச பசங்கதான் நம்மில் புத்திசாலிங்க.

ஊதியும் ஓடலன்னா தெருமுனை டிவி மெக்கானிக். சென்னையில தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தது. அப்புறம் சாலிடேர், டயனோரானு இந்த ஊர் கம்பெனிகளே டிவி செஞ்சது. அதை ரிப்பேர் பண்ண ஒவ்வொரு பேட்டையிலயும் ஒரு ஆள் உருவானார். அவர்கிட்ட மல்டிமீட்டரும் சால்டரிங் அயனும் இருந்துச்சு. டிவி கேம் பெட்டியைக் கொண்டு போனா அவருக்கு அது புது மிருகம் இல்ல. உள்ள 7805-னு ஒரு மூணு கால் வோல்டேஜ் ரெகுலேட்டர், அடாப்டர்லிருந்து வர்ற மின்சாரத்தை 5 வோல்ட்டாக்கும். பெரும்பாலும் போறது அதுதான், இல்லன்னா அடாப்டர் வயர். சில ரூபாயில முடிஞ்சுடும்.

ஆனா அந்தப் பெட்டிக்குள்ள அவர் தொட முடியாத ஒண்ணும் இருந்தது. அசல் ஃபேமிகாம்ல தனித்தனியா இருந்த சிப்புகளை, தைவான் ஆளுங்க ஒரே சிப்புக்குள்ள அடக்கிட்டாங்க. அதைப் போர்டுல ஒட்டி, மேல கருப்பா எபாக்ஸி ஒரு சொட்டு விட்டிருப்பாங்க. போண்டா மாதிரி இருக்கும். விலை அவ்வளவு கம்மியா வந்ததுக்குக் காரணம் அந்தக் கருப்புச் சொட்டு. அது போச்சுன்னா பெட்டியே போச்சு. மெக்கானிக் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவார். என்னைக் கேட்டா, நம்ம இன்னிக்குக் கேட்டுட்டிருக்கிற கேள்வி பொறந்த இடம் அந்தச் சொட்டுதான். சுத்தி இருக்கிற எல்லாத்தையும் சரி பண்ணலாம், நடுவுல இருக்கிறதைத் தொட முடியாது.

நகல் வேணாம், அசல்தான் வேணும்னா? 1995-ல் சேகா கம்பெனியோட 'மெகா டிரைவ்' இந்தியாவுக்கு ஷா வாலஸ் மூலமா வந்தது. ஆமா, சரக்கு வித்த அதே ஷா வாலஸ். 80 சதவீத இறக்குமதி வரியைத் தாண்டத்தான் அந்த ஏற்பாடு. அப்படியும் விலை 18,000 ரூபாய். 1995-ல! எஸ்டேட்ல வேலை பார்த்த எத்தனை பேரோட எத்தனை மாசச் சம்பளம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அந்த விலையில ஒரு பொருள் வீட்டுல இருந்தா, போனா மாத்தலாம்னு யாருக்காவது தோணுமா? ரிப்பேர் நம்ம ரத்தத்துல இருக்குன்னு பெருமையா பேசுறோம். பாதி பெருமை, பாதி வேற வழியில்லாம.

இங்கதான் ரிச்சி ஸ்ட்ரீட் வருது. மவுன்ட் ரோட்டுக்குப் பின்னாடி, நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் சேர்ந்த அந்தச் சந்துகள். பீச் ஸ்டேஷன் பக்கம் 1969-ல் பர்மா அகதிகளுக்காக வந்த பர்மா பஜார். வெளிநாட்டுச் சரக்கு அங்க கிடைக்கும், ஆனா பில் கிடையாது, வாரன்ட்டி கிடையாது. வாரன்ட்டி இல்லாத பொருள் விக்கிற ஊர்ல ரிப்பேர்காரங்க வளராம இருப்பாங்களா? பிளேஸ்டேஷன் வந்ததும் காப்பி டிஸ்க் ஓடுறதுக்காக 'சிப் போடுறது' ஒரு தொழிலாச்சு. சட்டப்படி சரியில்லதான், மறைக்கல. ஆனா தலைமுடி அளவு வயரை எடுத்துச் சிப்போட கால்ல பத்த வைக்கக் கை பழகினது அந்த வேலையிலதான். அதே கை பின்னாடி லென்ஸ் மாத்துச்சு, போர்ட் மாத்துச்சு. முதல் பிளேஸ்டேஷன் படிக்கலன்னா தலைகீழா கவுத்து வச்சு ஆடின ஆட்கள் கேட்டுட்டிருந்தா, கமென்ட்ல சொல்லுங்க.

2006-ல் ரெண்டு விஷயம் நடந்தது. எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவுல முறையா விற்பனைக்கு வந்தது. அதே வருஷம் ஜூலை 1-லிருந்து ஐரோப்பாவுல எலெக்ட்ரானிக் பொருட்கள்ல காரீயம் கூடாதுன்னு சட்டம். பழைய பத்து, வெள்ளீயமும் காரீயமும் கலந்தது, 183 டிகிரியில உருகும். காரீயம் இல்லாத புதுப் பத்துக்கு 217 டிகிரி வேணும். ஐரோப்பாவுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணுன்னு யாரும் செய்யல, எல்லாமே மாறிடுச்சு. அந்தச் சமயத்துல எக்ஸ்பாக்ஸ் 360-ல் சிவப்பு விளக்கு எரிஞ்சு பெட்டிகள் கொத்துக் கொத்தா சாக ஆரம்பிச்சது. 2007 ஜூலைல மைக்ரோசாஃப்ட் வாரன்ட்டியை மூணு வருஷமாக்கி, அதுக்காக 100 கோடி டாலருக்கு மேல ஒதுக்கினாங்க.

ரொம்ப நாள் எல்லாரும் புதுப் பத்து மேலதான் பழி போட்டாங்க. துண்டைச் சுத்தி சூடாக்குறது, ஹாட் ஏர் அடிக்கிறதுன்னு வைத்தியம். சூடு பண்ணா ஓடும், ரெண்டு வாரத்துல திரும்பச் சாகும். 2021-ல் மைக்ரோசாஃப்டே எடுத்த ஆவணப்படத்துல விஷயம் வெளிய வந்தது: விரிசல் சிப்புக்கும் போர்டுக்கும் நடுவுல இல்ல, சிப்பு உறைக்குள்ளேயே. ஆன் பண்ணும்போது சூடாகி விரியுது, ஆஃப் பண்ணும்போது சுருங்குது, அந்த ஏத்த இறக்கத்துல இணைப்பு விட்டுப்போகுது. திரும்பவும் அதே கருப்புச் சொட்டு, வேற சட்டை.

அதுக்கப்புறம் வந்தது இன்னும் மோசம். தொட முடியாததுன்னு இல்ல, தொடக்கூடாததுன்னு ஆக்கினாங்க. டிஸ்க் டிரைவும் மெயின் போர்டும் ஜோடி. வேற டிரைவ் போட்டா ஏத்துக்காது. ரிச்சி ஸ்ட்ரீட் பசங்க பழைய டிரைவ்ல இருக்கிற சின்ன போர்டைக் கழட்டிப் புது டிரைவ்ல மாட்டி அதைத் தாண்டுறாங்க. 'இந்த ஸ்டிக்கரைக் கிழிச்சா வாரன்ட்டி கிடையாது'ன்னு பின்னாடி ஒட்டியிருப்பாங்களே, 2018-ல் அமெரிக்க வணிக ஆணையம் அந்த மாதிரி மிரட்டல் செல்லாதுன்னு ஆறு கம்பெனிக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புச்சு. அதுல சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூணும் உண்டு. 2023-ல் கலிஃபோர்னியா ரிப்பேர் உரிமைச் சட்டம் போட்டப்போ கேம் கன்சோலை மட்டும் நைசா விலக்கிட்டாங்க. இந்தியாவுல 2022 டிசம்பர்ல ரிப்பேர் உரிமைக்குன்னு அரசு ஒரு இணையதளம் திறந்தது. 2023 ஏப்ரல்லிருந்து நடைமுறையில இருக்கிற மின்கழிவு விதிகள்ல வீடியோ கேமும் பட்டியல்ல இருக்கு, அதாவது செத்த பெட்டிக்குச் செஞ்ச கம்பெனி பொறுப்பு. சாகாம வச்சிருக்கிறதுக்கு இன்னும் சட்டம் வரல.

இப்ப என் பெட்டி. சர்வீஸ் சென்டர்ல ஒரு பேப்பர் நீட்டினாங்க, போர்டு மாத்தினா உள்ள இருக்கிற டேட்டா போயிடும், சம்மதமான்னு கையெழுத்து. அதுலதான் நான் நின்னுட்டேன். தம்பி ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் ஒரு ஃபுட்பால் கேம்ல ஏழு சீசன் ஆடி வச்சிருக்கோம். கடைசி டிவிஷன்ல ஆரம்பிச்ச டீம். கிளவுட்ல ஏத்தல, அதுக்கு மாசச் சந்தா கட்டணும். பணக் கணக்கு மட்டும் போட்டா பூந்தமல்லி சொல்றது சரிதான். இது அந்தக் கணக்குல வராது.

ஞாயித்துக்கிழமை பாய் விரிச்சு, அப்பாவும் நானும் பிரிச்சோம். ஹீட்சிங்க்ல கம்பளி மாதிரி தூசி, செத்த கரப்பான் ரெண்டு. சூட்டுக்கு வந்து குடியிருக்கும் போல. தூசியை எடுத்ததும் பத்து நிமிஷம் நாப்பது நிமிஷமாச்சு. அந்த நாப்பது நிமிஷத்துல முதல் வேலையா ஏழு சீசனையும் பென் டிரைவ்ல எடுத்துட்டேன். எல்லா கன்சோல்லயும் இது முடியாது, பிளேஸ்டேஷன் 5 கேமோட சேவ் எல்லாம் பென் டிரைவுக்கு வராது, பார்த்துக்கோங்க.

மறுநாள் ட்ரெயின் ஏறி ரிச்சி ஸ்ட்ரீட். கடையில இருந்த தம்பிக்கு என்னைவிட வயசு கம்மி. அஞ்சு நிமிஷம் பார்த்தான். "பேஸ்ட் காஞ்சிருக்குண்ணா, ஃபேன் பேரிங் போயிருக்கு. சிப்பு நல்லாதான் இருக்கு." சிப்பு போயிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு கேட்டேன். "ஹாட் ஏர் அடிச்சு ஓட விட்டுருவேன், ஆனா ஒரு மாசத்துல திரும்ப வருவீங்க. அதனால வேணாம், புதுசு வாங்குங்கன்னு சொல்லிடுவேன்." மொத்தம் 1,400 ரூபாய். பழைய ஃபேனையும் கேட்டு வாங்கிட்டு வந்தேன், அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

இந்த எபிசோட் ரெக்கார்ட் பண்ணும்போது பின்னாடி 'டிக் டிக்'னு ஒரு சத்தம் கேட்டிருக்கும். எடிட்ல எடுக்கப் பார்த்தோம், முழுசா போகல. பக்கத்து ரூம்ல அந்த ஃபேன்லிருந்து பேரிங்கைக் கழட்டிட்டு இருக்கார்.