டிஎல்சி (தொலைக்காட்சி அலைவரிசை)

டிஎல்சி அமெரிக்காவின் கட்டணக் கேபிள் அலைவரிசைகளுள் ஒன்று. திருமணம், பெரிய குடும்பங்கள், உடற்பருமன், காதல் விசா என வீட்டு வாழ்க்கையைப் படம்பிடிக்கும் ரியாலிட்டி நிகழ்ச்சிகளால் இன்று அறியப்படுகிறது. 'தி லேர்னிங் சேனல்' என்ற பழைய பெயரின் முதலெழுத்துகளே இப்பெயர். அந்தப் பெயரோ அரசுப் பணத்தில் நடந்த ஓர் ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின் வழியாக வந்தது.

அமெரிக்காவின் கிழக்கே நீண்டு கிடக்கும் அப்பலேச்சியன் மலைப்பகுதி வறுமைக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் பேர்போனது. மலைகள் மறித்ததால் தரைவழித் தொலைக்காட்சி அலைகள் பல ஊர்களுக்கு எட்டவில்லை. பள்ளி ஆசிரியர்கள் மேற்பயிற்சிக்காகப் பல்கலைக்கழகம் வரை போய்வருவதும் கடினம். இதற்கு வானத்தில் வழி தேடினார்கள். 1974 மே 30 அன்று நாசா ஏவிய ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் ஒன்பது மீட்டர் விட்டமுள்ள, குடைபோல் விரியும் ஆன்டெனாவைக் கொண்டிருந்தது. மேலே ஆன்டெனா பெரிதாக இருந்ததால் கீழே சிறிய, விலை குறைந்த கருவியே போதுமானது. லெக்சிங்டன் நகரிலுள்ள கென்டக்கி பல்கலைக்கழகத்தில் தயாரான பாடங்கள் இதன் வழியாக மலையூர்களுக்குப் போயின.

அடுத்த ஆண்டே அச்செயற்கைக்கோள் கிழக்கே நகர்த்தப்பட்டது, இந்தியாவுக்காக. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை நடந்த 'சைட்' சோதனையில் ஆந்திரம், கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்கள் வேளாண்மை, குடும்பநல நிகழ்ச்சிகளை நேரடியாகப் பெற்றன. தமிழ்நாடு அப்பட்டியலில் இல்லை. டிஎல்சியின் பூர்வகதையும் இந்தியக் கிராமத் தொலைக்காட்சியின் தொடக்கமும் ஒரே கருவியைப் பகிர்ந்துகொண்டதைப் பலர் கவனிப்பதில்லை.

அமெரிக்கத் திட்டம் பின்னர் அப்பலேச்சியன் சமூகச் சேவை வலையமைப்பாக வளர்ந்தது. 1980இல் அரசின் பிடியிலிருந்து விலகித் 'தி லேர்னிங் சேனல்' ஆனது. கல்லூரிப் பாடங்களும் தொழிற்பயிற்சியும் அப்போதைய சரக்கு. மதிப்பு இருந்தது, வருமானம் குறைவு. 1991இல் ஜான் ஹென்ட்ரிக்ஸின் டிஸ்கவரி நிறுவனம் இதைச் சுமார் மூன்று கோடி டாலருக்கு வாங்கியது.

டிஸ்கவரியின் முதல் சில ஆண்டுகளே இந்த அலைவரிசையின் நல்ல காலம் எனலாம். பேரிலக்கியங்களை அறிமுகப்படுத்திய 'கிரேட் புக்ஸ்', தொல்லுயிர்கள் பற்றிய 'பேலியோவேர்ல்ட்', அறிவியல் வரலாற்றாளர் ஜேம்ஸ் பர்க்கின் 'கனெக்‌ஷன்ஸ்' தொடரின் இரண்டாம், மூன்றாம் பகுதிகள் எல்லாம் இங்கே வந்தவை. பாடநூல் வாடை போய், படிப்பின் சுவை மிஞ்சியிருந்தது. ஆனால் டிஸ்கவரியின் முதன்மை அலைவரிசையும் அதே பார்வையாளர்களைத்தான் நம்பியிருந்தது. ஒரே வீட்டில் இரண்டு கடை எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. பகல் நேரத்தில் வீட்டிலிருக்கும் பெண்களை நோக்கி, திருமணங்களையும் பிரசவங்களையும் காட்டும் தொடர்கள் நுழைந்தன. இவை எளிதாக எடுக்கக்கூடியவை, செலவும் குறைவு.

1998 வாக்கில் முழுப்பெயரை ஓரங்கட்டி, டிஎல்சி என்று மட்டுமே விளம்பரம் செய்யத் தொடங்கினர். உள்ளடக்கம் முன்பே நகரத் தொடங்கிவிட்டிருந்ததால் இதை ஒரு திடீர்த் திருப்பமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் இந்த மாற்றத்தில் ஒரு வியாபார சாமர்த்தியம் இருந்தது: பழகிய எழுத்துகள் அப்படியே நிற்க, அவை தந்த வாக்குறுதி மட்டும் மறைந்தது.

2000இல் வந்த 'டிரேடிங் ஸ்பேசஸ்' புதிய பாதையை உறுதிசெய்தது. பிபிசியின் 'சேஞ்சிங் ரூம்ஸ்' நிகழ்ச்சியின் அமெரிக்க வடிவம் இது. அண்டைவீட்டார் இருவர் வீட்டை மாற்றிக்கொண்டு, இரண்டு நாளில் ஆயிரம் டாலருக்குள் மற்றவரின் அறையைப் புதுப்பிப்பார்கள். வீடு திரும்புபவரின் முகம்தான் நிகழ்ச்சியின் உயிர், சிலர் அழுதேவிட்டார்கள். அந்த அலை தணிந்தபின் குடும்பங்களே சரக்காயின. எட்டுக் குழந்தைகளின் பெற்றோரைப் பின்தொடர்ந்த 'ஜான் அண்ட் கேட் பிளஸ் எயிட்', 2009 ஜூனில் அவர்கள் பிரிவதாக அறிவித்த இரவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை ஈர்த்தது. 2012இல் தொடங்கிய 'ஹியர் கம்ஸ் ஹனி பூ பூ' ஏழைக் குடும்பத்தைக் கேலிப்பொருளாக்குகிறது என்ற கண்டனத்துக்கு உள்ளானது. அக்கண்டனத்தில் நியாயம் உண்டு.

இந்தியாவில் இப்பெயர் 2010 செப்டம்பரில் அறிமுகமானது. 2004 முதல் இங்கு ஒளிபரப்பான 'டிஸ்கவரி டிராவல் அண்ட் லிவிங்' அன்று டிஎல்சி ஆனது. இங்கே உணவும் பயணமுமே முன்னே நின்றன. முழுப்பெயரை விளக்கும் தேவையே எழவில்லை.

2014இல் தொடங்கிய '90 டே ஃபியான்சே' அமெரிக்க டிஎல்சியின் பெரும் வெற்றிகளுள் ஒன்று. மணநிச்சய விசாவில் நாட்டுக்குள் வரும் வெளிநாட்டவர் 90 நாளில் மணம் முடிக்க வேண்டும் என்ற சட்ட விதியே அதன் கதைக்கரு. அதிலிருந்து பல கிளைத்தொடர்கள் முளைத்தன. 2022இல் டிஸ்கவரியும் வார்னர் மீடியாவும் இணைந்தபோது, டிஎல்சி வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி குழுமத்தின் உடைமையானது.