அரைப்பேர்: மலையகத் தோட்டங்களில் பாரபட்சம் இயங்கும் விதம்

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பாரபட்சம் பற்றிய விழிப்புணர்வுச் செயலமர்வுகளுக்குக் குறைவில்லை. மண்டபம், பதாகை, பகல் உணவு. வளவாளர் ஒருவர் வந்து, இனத்தாலோ சாதியாலோ பாலாலோ பிறரைத் தாழ்த்திப் பார்க்கும் மனப்பாங்கை விடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். கேட்டிருப்பவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டவர்கள்தாம் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் தேயிலை மலையில் ஒரு பெண்ணின் நாட்சம்பளம் பாதியாவதற்கோ, அவள் மகள் விஞ்ஞானப் பிரிவில் சேர முடியாமற் போவதற்கோ எவர் மனத்திலும் வெறுப்பு இருந்தாக வேண்டியதில்லை. சட்டமும் இடாப்பும் நிறுவைத் தராசும் போதும். தோட்டத்தைப் பொதுச் சட்டத்துக்குப் புறம்பான இடமாக வைத்திருந்ததே மலையகப் பாரபட்சத்தின் அடிப்படை என்பதும், விழிப்புணர்வு என்பது அந்த விலக்குகளை இனங்காணும் பயிற்சியாக இருக்கவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச்சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச்சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்டத் துரைமாரின் (முகாமையாளர்களின்) பொறுப்பில் விட்டன. பிள்ளை மலைக்கு வந்தால் யாருக்கு ஆதாயமோ, அவரிடமே அப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் கடமையையும் ஒப்படைத்த ஏற்பாடு அது. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. இரண்டு வேளைகளிலும் தோட்டப் பாடசாலை வெளியே நின்றது. தமிழ்த் தொழிலாளியின் பிள்ளைக்கு இது கிடையாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தோட்டப் பாடசாலை என்றொரு தனி வகை முன்பே இருந்ததால் அப்படிச் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை.

அப்போது எதிர்த்துப் பேசப் பாராளுமன்றத்தில் ஆள் இருந்ததா? 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் மலையகத்திலிருந்து உறுப்பினர்களை அனுப்பியிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் மறு ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. அதன்பின் மலையகத் தமிழர் ஒருவர் தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனது 1977இல், நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான். இடையில் கழிந்த கால் நூற்றாண்டுதான் இலங்கையின் பொதுக்கல்வி விரிந்த காலம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் தேசியமயமாகி, 1970களின் பிற்பகுதியில்தான் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. நாட்டின் பிற பிள்ளைகளைவிட ஒரு தலைமுறை பிந்திய தொடக்கம் அது.

பிரஜாவுரிமைப் பறிப்பு நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானது. அப்போதைய சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு எந்தச் சமூகத்துக்கும் தனியே குறைபாடு விளைவிக்கும் சட்டத்தைத் தடைசெய்திருந்தது. கோடக்கன் பிள்ளை எதிர் முதநாயக்க வழக்கில் 1953இல் தீர்ப்பளித்த, அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், பிரஜாவுரிமைச் சட்டம் எந்தச் சமூகத்தையும் குறிவைக்கவில்லை, நாட்டின் பிரஜைகள் யார் என்பதை மட்டுமே வரையறுக்கிறது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தார்கள். அது யார் தலையில் விழுந்தது என்பதைக் கணக்கிலெடுக்கவில்லை. 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கில் மறுபக்கத்தைப் பார்த்தது. வேலைக்குச் சம்பந்தமில்லாத பள்ளிச் சான்றிதழையும் பரீட்சையையும் எல்லோருக்கும் பொதுவாக விதித்த கம்பனி, அதன் விளைவாகக் கறுப்பினத் தொழிலாளரைத் தடுக்கிறதென்றால் நோக்கம் தூயதென்று சொல்லித் தப்பமுடியாது என்றது. நம்முடைய செயலமர்வுகள் இன்னும் 1953இலேயே நிற்கின்றன. கெட்ட எண்ணம் கொண்டவரைத் தேடுகிறோம். ஆள் அகப்படாவிட்டால் பாரபட்சமே இல்லையென்று முடித்துவிடுகிறோம்.

இன்றைய பாடசாலையில் இது எப்படி இயங்குகிறது? இலங்கைப் பாடசாலைகள் 1ஏபி, 1சி, 2, 3 என வகுக்கப்பட்டுள்ளன. உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபியில் மட்டும் உண்டு. 1சியில் கலையும் வர்த்தகமும். தோட்டத்துக்குள்ளிருக்கும் பாடசாலை பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிடும். மேலே படிக்க நகரத்துக்குப் போகவேண்டும். போனாலும் தமிழ்மொழி மூலக் கணித, விஞ்ஞான ஆசிரியர் கிடைப்பது அரிது. ஆகவே பிள்ளைகள் கலைப் பிரிவில் குவிகிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா பின்தங்கிய மாவட்டமாக ஏற்கப்பட்டு ஒதுக்கீடு பெறுகிறது. ஆனால் மாவட்ட ஒதுக்கீடு பொருந்துவது விஞ்ஞானம், கணிதம், வர்த்தகம் போன்ற துறைகளுக்கே. கலைக்கு நாடு முழுவதற்கும் ஒரே திறமைப் பட்டியல். சலுகை மாவட்டத்தின் பெயரில் வருகிறது, அதைப் பயன்படுத்தும் வழி தோட்டத்துக்கு வெளியே இருக்கிறது. மாவட்டம் முன்னேறியதாகப் புள்ளிவிவரம் காட்டினாலும் அது லயத்துப் (தோட்ட வரிசை வீட்டுப்) பிள்ளையைப் பற்றியதென்று கொள்ளமுடியாது.

ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்த்த விதமும் கவனிக்கத்தக்கது. 2010களின் நடுவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென ஆசிரிய உதவியாளர்கள் ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்டார்கள். தொடக்கக் கொடுப்பனவு மாதம் 6,000 ரூபாய், பின்னர் 10,000. முழு ஆசிரியரின் பாடவேளையைத்தான் இவர்களும் சுமந்தார்கள். குறைபாட்டை நிரப்ப வந்த ஏற்பாடே குறைந்த சம்பளத்தையும் குறைந்த பதவிப் பெயரையும் தோட்டத்தோடு சேர்த்துக் கட்டியது. அந்த உதவியாளர்களில் பலர் அதே லயங்களிலிருந்து படித்து வந்தவர்கள் என்பதை நினைக்கையில், பள்ளிக்கூடத்துக்கும் வேலைத்தளத்துக்கும் இடையே கோடு கிழிப்பது கடினம்.

இனி மலை. காலைப் பிரட்டுக்கு (ஆளெடுப்புக்கு) போய்ச் செக்ரோலில் (வரவு இடாப்பில்) பெயர் விழுந்தால்தான் ஒரு நாள், ஒரு பேர். ஆனால் கொழுந்து பறிப்பவர் நிர்வாகம் வைத்த கிலோவை எட்டாவிட்டால் அன்று அரைப்பேர்தான், அதாவது பாதி நாட்சம்பளம். சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 2021இல் 1,000 ரூபாய் என்றும் 2024இல் 1,350 ரூபாய் என்றும் அறிவித்தது. அந்தத் தொகைக்கு எத்தனை கிலோ என்பதை நாட்டுக்குப் பொதுவாக எவரும் அறிவிப்பதில்லை. சம்பளம் ஏறும்போது கிலோவும் ஏறுகிறது. கூடை எடை, ஈரம் என்று நிறுவையில் கழிபடுவதும் தனிக்கணக்கு. வர்த்தமானியில் வரும் எண்ணைப் பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. பேரைத் தீர்மானிக்கும் எண் தோட்டத்து அலுவலகத்துக்குள் இருக்கிறது.

1984இல் ஆண், பெண் தொழிலாளருக்குச் சமசம்பளம் கிடைத்தது. பெரிய வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கவ்வாத்து, மருந்தடித்தல், கான் வெட்டுதல் போன்ற ஆண்களின் வேலைகள் அளந்து கொடுக்கப்படுபவை. முடித்தவர் மதியத்தோடு வீட்டுக்குப் போகலாம். கொழுந்தெடுப்பவள் மாலை நிறுவைவரை மலையில் நிற்கவேண்டும். பேர் ஒன்று, பொழுது வேறு. கொழுந்தெடுப்போரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு மேலே நிற்கும் கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை எல்லாரும் பெரும்பாலும் ஆண்கள். இதைப் பெண்களை மதிக்கும் பண்பு பற்றிய உரை தொடக்கூட முடியாது.

சட்டத்தின் பக்கம் திரும்பினால் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. 1978 அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் முதலிய காரணங்களால் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் அது ‘பிரஜை’க்கு உரிய உரிமை. 1988, 2003ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டங்கள் வரும்வரை மலையகத்தில் நாடற்றவர்களாகவே பலர் இருந்தார்கள். இரண்டாவது, 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடவேண்டுமென்றால் மீறல் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலாக இருக்கவேண்டும். 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் போனபின் அரைப்பேர் போட்டது அரசல்ல. ஒரு கையில் பிரஜாவுரிமை வந்துகொண்டிருக்க, எதிர்த்து வழக்காடத்தக்க முதலாளி மறு கையிலிருந்து நழுவிப்போனார். தோட்டத்துக்குள் பிரதேச சபை நிதியைச் செலவிடத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டின் சட்டப்பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது என்பதையும் இதே வரிசையில் வைத்துப் பார்க்கவேண்டும்.

ஒரு மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஏட்டின் மேல் போட்டால் மனிதரின் பொறுப்பு மறைந்துவிடாதா? நியாயமான கேள்வி. தொழிலாளரைத் திரட்டி வந்த பெரிய கங்காணி எந்தச் சாதியிலிருந்து வந்தார், அவர் ஆட்களில் பெரும்பாலோர் எந்தச் சாதி என்பதைத் தோட்டத்து முதியவர்கள் அறிவார்கள். நாம் வெளியில் பேசுவதில்லை. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வெட்டப்பட்டபின் பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் வழிகளை ஆராயத் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை நியமித்தது; சாதியைக் காட்ட மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடையும் பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதலும் அவர் அறிக்கையில் இடம்பெற்றன. அங்கே பாரபட்சம் மணிக்கட்டில் தெரிகிறது. அதற்கு மனப்பாங்கு பற்றிய பாடம் கட்டாயம் வேண்டும். மலையகத்திலும் சாதிக்கு அதே பாடம் வேண்டும். ஆனால் அது அரைப்பேரை முழுப்பேராக்காது.

செயலமர்வில் சம்பளச் சீட்டை விரித்துப் படிக்கலாம்: எத்தனை நாள், எத்தனை பேர், எத்தனை கிலோ, எவ்வளவு கழிவு. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் தம் பாடசாலை எந்த வகை, மேல்வகையாக உயர்த்த எத்தனை ஆசிரியர் தேவை என்று வலயக் கல்விப் பணிமனையிடம் எழுத்தில் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி தருகிறது. கம்பனிகளைப் பொறுத்தவரை காணி இன்னமும் அரசினுடையது, திறைசேரிச் செயலாளரிடம் தங்கப் பங்கு (அரசின் சிறப்புரிமைப் பங்கு) இருக்கிறது, குத்தகை 2045வரை. நாளொன்றுக்கு வைக்கும் கிலோவையும் நிறுவைக் கழிவையும் தோட்டந்தோறும் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் குத்தகைக்காரருக்கு விதிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அதை ஏன் பயன்படுத்தவில்லை என்ற கேள்வியைத் தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்த மேசையில் மட்டும் கேட்டுவந்தன. கேட்கவேண்டிய முகவரி திறைசேரி.