காற்று மாறும் காலமும் கலம் காக்கும் கலையும்

மணிமேகலைக் காப்பியத்தில் சாவக நாட்டு அரசன் புண்ணியராசன் மணிபல்லவம் செல்லக் கருதியபோது, கப்பல் கட்டும் கம்மியரை வரவழைக்கிறான். தமிழ் கற்ற யாவரும் அறிந்த நிகழ்ச்சி இது. கலம் கட்டுவதும் கடலில் விடுவதும் காப்பியத்தில் இடம்பெறத் தக்க செயல்கள். ஆனால் ஓடி முடித்த கலத்தைக் கரையில் நிறுத்தி, அடுத்த பருவம் வரை பழுதின்றிக் காப்பதும் கம்மியரின் தொழிலே. அத்தொழிலுக்கும் நெடிய வரலாறு உண்டு. ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில் அவ்வரலாறு இன்றும் ஆண்டுதோறும் தொடர்கிறது.

மெர்சிங், எண்டாவ் ஆகிய ஊர்கள் தென்சீனக் கடலை நோக்கியவை. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே வடகிழக்குப் பருவக்காற்று வீசும். மலாய் மக்கள் அப்பருவத்தைத் 'தெங்குஜூ' என்பர். அலை உயர்ந்து மழை பெருகும் அம்மாதங்களில் மெர்சிங்கிலிருந்து தியோமான் தீவுக்குச் செல்லும் படகுகள் குறையும். சிறு மீன்பிடிப் படகுகள் பல ஆற்றுக்குள் ஒதுங்கும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு வழங்கிய தமிழ்க் கடலோடிகளுக்கும் இவ்வொதுங்கல் புதிதன்று.

பாய்மரக் காலத்தில் காற்றே வணிகத்தின் நாட்காட்டி. மலாக்காவில் 1512 முதல் 1515 வரை வாழ்ந்த போர்த்துக்கீசியரான தோமே பிரேஸ், பருவக்காற்றுகளின் எல்லையில் அமைந்தமையே அந்நகரின் பெருமைக்குக் காரணம் எனக் கண்டார். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் வணிகர்கள் ஒரு காற்றில் வந்து, மறுகாற்றுக்குக் காத்திருந்து திரும்பினர். 1511-இல் மலாக்கா போர்த்துக்கீசியர் கையில் வீழ்ந்தபின், அதன் அரச மரபினர் ஜொகூர் ஆற்றங்கரையில் புதிய அரசை நிறுவினர். அவர்களுடைய ஜொகூர் லாமா கோட்டையை 1587-இல் போர்த்துக்கீசியர் அழித்தனர். அரசுகள் மாறினும் காற்று மாறும் முறை மாறவில்லை.

காத்திருக்கும் மாதங்கள் கலத்தைப் பேணும் மாதங்களாயின. வெப்பக் கடலில் மரக்கலத்தின் பெரும்பகை கப்பற்புழு. அது பலகையின் உள்ளே குடைந்து செல்வது. வெளியே சிறு துளை மட்டுமே தெரியும். எனவே கலத்தைக் கரையேற்றிச் சாய்த்து, அடிப்புறத்தை ஓலைத் தீயில் வாட்டினர். பலகை இடுக்குகளில் நார் திணித்துக் குங்கிலியம் பூசினர். இந்தியக் கரைகளில் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்துத் தடவினர். மலாய்க் கரையில் செங்கால் மரம் விரும்பப்பட்டதற்கு அதன் வன்மையே காரணம்.

பின்னர் எஞ்சின் வந்தது. ருடால்ப் டீசல் தம் எஞ்சினை 1897-இல் வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். 1912-இல் 'செலாண்டியா' என்னும் டென்மார்க்குக் கப்பல், டீசல் விசையால் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குப் பயணம் செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலாயாவின் மீனவர் படகுகளிலும் எஞ்சின் பரவிற்று. கிளந்தான் கரையில் 1939-40-இல் ஆய்வு செய்த மானிடவியலறிஞர் ரேமண்ட் பர்த், 1963-இல் திரும்பி வந்தபோது பாய்மரத்தின் இடத்தில் எஞ்சினைக் கண்டார். படகுக்கும் வலைக்கும் வேண்டிய முதல் பெருகியிருந்தது. முதலுடையாருக்கும் உழைப்பாருக்கும் இடையே இருந்த தூரமும் பெருகியிருந்தது.

எஞ்சின் வந்தபின் கடல் மூடும் காலம் ஒழிந்துவிடும் என எண்ணத் தோன்றும். போர் அவ்வாறு காட்டவும் செய்தது. வடகிழக்குப் பருவத்தில் கிழக்குக் கரையில் படை இறங்க இயலாது என்ற நம்பிக்கை தவறென 1937-இலேயே மலாயாவின் பிரிட்டிஷ் படைத்தலைவர் டாபி எச்சரித்தார். 1941 டிசம்பர் 8-ஆம் நாள், கொந்தளித்த கடலிலேயே ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 ஜனவரி 26-இல் எண்டாவிலும் இறங்கினர். ஆயினும் படகு கவிழ்வதைப் போரின் செலவாகக் கணக்கிடும் படைக்கு ஏற்ற துணிவு, ஒரே படகை நம்பி வாழும் குடும்பத்திற்கு ஏற்றதன்று. எஞ்சின் வந்தபின்னும் அவர்கள் காற்றுக்கு ஒதுங்கினர். ஆனால் ஒதுங்கிய படகில் இப்போது இரும்பும் இருந்தது. இரும்பின் பகை மரத்தின் பகையினும் வேறு.

படகின் எஞ்சினைக் குளிரச் செய்வது கடல்நீர். அடிப்பலகையிலுள்ள குழாய்வாய் வழியே அதனை ஒரு பம்பு உறிஞ்சும். வடிகட்டியில் குப்பை தங்கும். சில எஞ்சின்களில் அந்நீர் எஞ்சினுக்குள்ளேயே ஓடும். வேறு சிலவற்றில் எஞ்சினுக்குள் நன்னீர் சுற்றிவர, கடல்நீர் புறத்தே நின்று அதன் வெப்பத்தை வாங்கிச் செல்லும். கியர்ப் பெட்டியின் எண்ணெயைக் குளிர்விப்பதும் பல படகுகளில் இதே கடல்நீர்தான். பின்னர் அது புகையோடு கலந்து வெளியேறும்.

படகு ஓடாதபோது இந்நீர் குழாய்களில் தேங்குகிறது. கனடா, நார்வே போன்ற குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் அது உறையும். நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிவதால் வார்ப்பிரும்பும் வெடிக்கும். ஆகவே அந்நாட்டார் நீரை முற்றும் வடித்துவிடுவர். அல்லது உறையாத கிளைக்கால் கலவையை உள்ளே செலுத்துவர். ஜொகூரில் நீர் உறைவதில்லை. அங்கே பகை உப்பு. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. தேங்கிய நீர் வற்ற வற்ற அது குழாயின் உட்புறத்தில் படிகிறது, இரும்பையும் அரிக்கிறது. பனி ஒரே இரவில் பிளப்பதை உப்பு பல பருவங்களில் அரித்து முடிக்கிறது. ஓசையின்றி நிகழ்வதால் அதைக் காண்பார் குறைவு.

ஆதலால் காக்கும் முறையும் வேறு. குழாய்வாயை அடைத்து, தொட்டியிலுள்ள நன்னீரைப் பம்பு உறிஞ்சுமாறு செய்து, எஞ்சினைச் சற்று நேரம் ஓட்டி உப்பைக் கழுவுவர். பின் நீரை வடித்து வடிகட்டியைத் துலக்குவர். பம்பினுள் உள்ள ரப்பர் விசிறியைக் கழற்றி வைப்பர். மாதக் கணக்கில் மடிந்தபடியே கிடந்தால் அதன் இதழ்கள் நிலைபெற வளைந்து, பிறகு முறிந்துவிடும். முறிந்த இதழ் குழாயை அடைத்தால் எஞ்சின் கொதித்துக் கெடும். கியர் எண்ணெயையும் பார்ப்பர். அது பாலேறிய தேநீரின் நிறம் காட்டினால், குளிர்விப்பானில் எங்கோ நீர் கசிந்து எண்ணெயோடு கலந்துள்ளது என்பது பொருள். இறுதியாக, குழாய்வாய் அடைபட்டுள்ளது என எழுதிய சீட்டொன்றைச் சாவியோடு கட்டிவைப்பர். அடுத்த பருவத்தில் மறதியால் எஞ்சின் நீரின்றி ஓடாமலிருக்க அச்சீட்டே காவல்.

குளிர்விப்பானுள் துத்தநாகத் துண்டு ஒன்றும் பொருத்தப்படுவது உண்டு. அரிப்பைத் தான் ஏற்றுப் பிற உலோகத்தைக் காப்பது அதன் பணி. இதன் மூலம் 1824-இல் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில அறிஞர் கண்டறிந்தது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகடு அரிபடாதிருக்க, வேறு உலோகத் துண்டுகளை அவர் இணைக்கச் செய்தார். செம்பு காக்கப்பட்டது, ஆனால் செம்பு கரையாமற்போகவே கொட்டலசும் பாசியும் தடையின்றிப் பற்றி வளர்ந்து, கப்பல்களின் வேகத்தைக் குறைத்தன. ஒரு பகையை வென்ற வழியே மற்றொரு பகைக்கு வாயிலாயிற்று. கடலோடு பழகுவார்க்கு இது நல்ல பாடம்.

பாய்மரம் போய் எஞ்சின் வந்த மாற்றத்தையும் இப்பாடத்தின் வழியே காணலாம். காற்றைக் காத்திருக்கும் தொல்லை குறைந்தது. கண்ணுக்குத் தெரியாத குழாய்களைக் காக்கும் கடமை கூடியது. பழைய படகில் ஒரு பலகை கெட்டால் பலகை மாற்றலாம். எஞ்சின் கெட்டால் கடன் தீருமுன்னரே தொழில் நின்றுவிடும். சில வெள்ளி பெறும் ரப்பர் விசிறியைக் கழற்ற மறந்தவர், அதனைப்போலப் பன்மடங்கு விலையுள்ள எஞ்சினை இழக்க நேரும். மார்ச் மாதம் காற்றுத் தணிந்து மெர்சிங் ஆற்றுவாயில் படகுகள் வெளியேறும்போது, அவற்றை ஓட்டுபவர் மட்டுமே கண்ணுக்குத் தெரிவர். அப்பயணத்தை உறுதிசெய்தது, மழைமாதங்களில் எண்ணெய் படிந்த கையோடு குனிந்திருந்த கம்மியரின் உழைப்பு.