இலினொய் மேலவையின் 13ஆவது தொகுதி

இலினொய் மேலவையின் 13ஆவது தொகுதி என்பது ஐக்கிய அமெரிக்காவின் இலினொய் மாநிலச் சட்டமன்றத்துக்கு உறுப்பினர் ஒருவரைத் தெரிவு செய்யும் தொகுதியாகும். இது சிகாகோ நகரின் தெற்குப் பகுதியில், மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டி அமைந்துள்ளது. பின்னர் அமெரிக்காவின் 44ஆவது குடியரசுத் தலைவரான பராக் ஒபாமா 1997 முதல் 2004 வரை இத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார். 1991 முதல் இங்கு பதவியேற்ற நால்வரில் தேர்தல் மூலம் முதன்முறை அவைக்குச் சென்றவர் ஒபாமா மட்டுமே. ஏனைய மூவரும் முதலில் நியமனம் பெற்று, பின்னரே மக்கள் வாக்கைக் கோரினர்.

அமைப்பு

இலினொய் சட்டமன்றம் ஈரவைகளைக் கொண்டது. மேலவையில் 59 உறுப்பினர்களும் கீழவையில் 118 உறுப்பினர்களும் உள்ளனர். ஒவ்வொரு மேலவைத் தொகுதியும் இரண்டு கீழவைத் தொகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. 13ஆவது மேலவைத் தொகுதியில் 25, 26 ஆகிய கீழவைத் தொகுதிகள் அடங்கும். 2020 கணக்கெடுப்பின்படி ஒரு மேலவைத் தொகுதியின் மக்கள்தொகை ஏறத்தாழ 2,17,000 ஆகும். பத்தாண்டுக் காலம் ஒரு 2 ஆண்டுப் பதவிக்காலமாகவும் இரு 4 ஆண்டுப் பதவிக்காலங்களாகவும் பகுக்கப்படுகிறது.

உறுப்பினர் இடையில் விலகினால் உடனடியாக இடைத்தேர்தல் நடத்தப்படுவதில்லை. விலகியவரின் கட்சியைச் சேர்ந்த உள்ளூர்க் குழுவினர் 30 நாட்களுக்குள் அதே கட்சியைச் சேர்ந்த ஒருவரை நியமிக்கின்றனர்.

உறுப்பினர்கள் (1991 முதல்)

கீழ்க்காணும் அனைவரும் மக்களாட்சிக் கட்சியினர் ஆவர்.

* ஆலிஸ் பால்மர்: 1991 – 1997 (நியமனம்)
* பராக் ஒபாமா: 1997 – 2004 (தேர்தல்)
* குவாமே ரவூல்: 2004 – 2019 (நியமனம்)
* ராபர்ட் பீட்டர்ஸ்: 2019 முதல் (நியமனம்)

1996 தேர்தல்

1967 முதல் மேலவையில் இருந்த ரிச்சர்ட் நியூஹவுசுக்குப் பின் வந்த பால்மர், 1995இல் அமெரிக்கப் பேரவைக்குப் போட்டியிட முனைந்து, ஒபாமாவைத் தம் வழித்தோன்றலாக ஆதரித்தார். அம்முயற்சியில் தோல்வியுற்றதும் மேலவை இடத்துக்கே மீண்டும் போட்டியிட விரும்பினார். ஒபாமா விலக மறுத்தார்.

வேட்பாளர் ஒருவர் முதனிலைத் தேர்தலில் போட்டியிட, தொகுதி வாக்காளர்கள் 757 பேரின் கையொப்பம் தேவைப்பட்டது. பால்மர் அளித்த கையொப்பங்களையும் வேறு மூவர் அளித்தவற்றையும் ஒபாமா தரப்பினர் ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஆட்சேபித்தனர். பால்மர் போட்டியிலிருந்து விலகினார். ஏனைய மூவரும் தகுதியிழந்தனர். இதனால் முதனிலைத் தேர்தலில் ஒபாமா போட்டியின்றித் தேர்வானார். அக்கட்சியின் கோட்டையாக விளங்கிய தொகுதியாதலால், முதனிலைத் தேர்தலே முடிவைத் தீர்மானிப்பதாக இருந்தது.

எல்லை மறுசீரமைப்பு

பத்தாண்டுக்கு ஒருமுறை எல்லைகள் மாற்றி வரையப்படுகின்றன. சட்டமன்றம் உடன்பாடு காணாவிடில் 8 பேர் கொண்ட ஆணையம் அமைக்கப்படும். அதுவும் சமநிலையில் நின்றால், ஒன்பதாவது உறுப்பினர் சீட்டுக் குலுக்கலில் தெரிவாவார். அவரது கட்சியே எல்லைகளை வரையும். இக்குலுக்கலில் 1991இல் குடியரசுக் கட்சியும் 2001இல் மக்களாட்சிக் கட்சியும் வென்றன.

முன்னர் இத்தொகுதி ஹைட் பார்க்கில் தொடங்கித் தெற்கே சவுத் ஷோர் வரையிலும், மேற்கே சிகாகோ லான் வரையிலும் பரவியிருந்தது. 2001 வரைவில் அது ஏரிக்கரை வழியே வடக்கு நோக்கி நீண்டு, நகர மையத்தையும் செல்வர்கள் வாழும் கோல்ட் கோஸ்ட் பகுதியையும் தொட்டது. ஒபாமா 2002இல் இப்புதிய எல்லைகளிலிருந்து மீண்டும் தெரிவானார். 2004இல் அமெரிக்க மேலவைக்குத் தெரிவானதும் பதவி விலகினார்.

சட்டப் பணிகள்

கொலை வழக்கு விசாரணைகளில் வாக்குமூலத்தைப் பதிவு செய்யக் கோரும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒபாமா முன்னெடுத்தார். மரணதண்டனையை ஒழித்த 2011ஆம் ஆண்டுச் சட்டத்தை மேலவையில் ரவூல் முன்மொழிந்தார். பின்னர் அவர் மாநிலத் தலைமை வழக்கறிஞராகத் தெரிவானார். பிணைத்தொகை முறையை ஒழிக்கும் முயற்சியில் முன்னின்றவர்களுள் பீட்டர்சும் ஒருவர். அம்முறை 2023 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது.